கப்பலின் கண்ணும் களிம்பும்

தமிழாசிரியன் ஒருவன் கப்பற் கருவியைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று வாசகர் வினவுதல் கூடும். அதற்கு விடை கூறிவிட்டே பொருளுக்குட் செல்கின்றேன்.

சென்ற ஆண்டு இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தவர் என் இல்லத்துக்கும் வந்தார். அவர் சரக்குக் கப்பலொன்றில் மின்கருவிகளைப் பேணும் அலுவலர். மாணவராயிருந்த காலத்திற் கணிதத்திலே முதல் வரிசையில் நின்றவர். நன்னூலிலோ கடைசி வரிசையை விட்டு அசையாதவர். புணரியற் பாடம் தொடங்கியதும் அவர் கண்கள் யன்னலுக்கு வெளியே சென்றுவிடும். அவர் சொன்னார்: "ஐயா, அன்று நீங்கள் புணர்ச்சி விதிகளைப் படிப்பித்தபொழுது இவை எனக்கு எதற்கு என்று எண்ணினேன். இன்று என் தொழில் முழுவதும் புணர்ச்சிதான். ஓர் உலோகமும் இன்னோர் உலோகமும் சேருமிடத்திலேதான் எங்களுக்குத் தொல்லை முழுவதும்."

"அப்படியாயின் இன்று நீர் பாடம் நடத்தும், யான் கேட்கின்றேன்" என்றேன். அன்று மாலை அவர் கூறியவற்றையும், பின்னர் நூல்களைப் பார்த்தும் எமது பௌதிக ஆசிரியரை வினவியும் அறிந்தவற்றையும் இம்மலரிலே தொகுத்துரைக்கின்றேன்.

அவர் கூறிய நிகழ்ச்சி இது. அவருடைய கப்பல் வங்காள விரிகுடாவில் ஓரிரவு சென்றுகொண்டிருந்தது. றேடார்த் திரையிலே கரை தெளிவாகத் தெரிந்தது. தொலைவிற் சென்ற பெருங் கப்பல்களும் தெரிந்தன. ஆயினும், காவலில் நின்ற அதிகாரி தற்செயலாகக் கண்ணாடிக்கு வெளியே நோக்கியபொழுது மிக அணித்தாக ஒரு சிறு விளக்கொளியைக் கண்டார். அது மீன்பிடிப் படகொன்றின் விளக்கு. திரையிலே அப்படகு இல்லை. உடனே கப்பலைத் திருப்பினர், படகு தப்பியது. மறுநாள் றேடாரை நிறுத்தி, பாய்மரம்போல் உயர்ந்துநிற்கும் கம்பத்தின்மீது ஏறி, உணர்கொம்பின் கீழுள்ள இணைப்பைத் திறந்து பார்த்தார் நம் மாணவர். உள்ளே ஒரு தேக்கரண்டியளவு நீரும், உலோகச் சுவரைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் இருந்தன.

ஒரு தேக்கரண்டி நீருக்கும் ஒரு படகிலுள்ளோரின் உயிருக்கும் உள்ள தொடர்பே இக்கட்டுரையின் பொருளாகும்.

அலை செல்லும் குழாய்

றேடார் என்பது கப்பலுக்கு இருளிலும் மூடுபனியிலும் கண்ணாய் அமைந்த கருவி. அது நுண்ணலைகளைத் துடிப்புத் துடிப்பாக வெளியே அனுப்புகின்றது. அவை எதிரேயுள்ள பொருளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பெற்று, அப்பொருளின் திசையையும் தூரத்தையும் திரையிற் காட்டுகின்றது. கப்பல்களிற் பெரிதும் வழங்கும் றேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். அவ்வலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 940 கோடி முறை அதிர்கின்றது. ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் அலைநீளமுடைய றேடாரும் பெருங் கப்பல்களில் உண்டு.

இத்துணை விரைவாக அதிரும் மின்னலையைச் சாதாரண வடத்தின் வழியே செலுத்தினால், அதன் வலிமையிற் பெரும்பங்கு வழியிலேயே வெப்பமாய்க் கழிந்துவிடும். ஆதலின் அதனை உள்ளே வெறுமையான உலோகக் குழாயொன்றின் வழியே செலுத்துகின்றனர். இக்குழாய் அலைவழிகாட்டி எனப்படும். வெறுங் குழாயினூடாகவும் மின்காந்த அலை செல்லக்கூடும் என்பதைக் கணித முறையாற் காட்டியவர் றேலிப் பிரபு, ஆண்டு 1897. நெடுங்காலம் ஏட்டளவில் நின்ற அக்கருத்தை 1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜோர்ஜ் சவுத்வேர்த்து, வில்மர் பரோ என்னும் இருவர் தனித்தனியே செய்து காட்டினர். 1940 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்திற் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே ஜோன் ரண்டல், ஹரி பூட் என்னும் இருவரும் வலிய நுண்ணலைகளைப் பிறப்பிக்கும் குழிவு மக்னத்திரனை இயக்கினர். அதன் பின்னரே சிறு கப்பல்களும் நுண்ணலை றேடாரைத் தாங்கலாயின.

மூன்று சென்ரிமீற்றர் அலைக்கு வழங்கும் குழாயின் குறுக்குவெட்டு நீள்சதுரமானது. அதன் உட்புற அகலம் 22.86 மில்லிமீற்றர், உயரம் 10.16 மில்லிமீற்றர். தீப்பெட்டியினும் சிறிய இவ்வழியினூடாகவே கப்பலின் பார்வை முழுவதும் சென்று வருகின்றது. அகலம் அலைநீளத்தின் பாதியினும் கூடியதாக இருத்தல் வேண்டும்; இன்றேல் அலை உட்புகாது.

இங்கே மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அலை செல்லும்போது குழாயின் உட்சுவரிலே மின்னோட்டம் நிகழ்கின்றது. ஆனால் அது சுவரின் தடிப்பு முழுவதிலும் ஓடுவதில்லை. மேற்பரப்பை ஒட்டியே ஓடுகின்றது. செம்பிலே இவ்வோட்டத்தின் ஆழம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலுங் குறைவு. எனவே குழாய் எவ்வளவு தடிப்புடையதாயினும், அலைக்குப் பயன்படுவது உட்புறத்திலுள்ள மிக மெல்லிய தோலே. அத்தோலின்மீது களிம்பு படர்ந்தால், குழாய் வெளியே உறுதியாய்த் தோன்றினும் உள்ளே கெட்டதேயாகும்.

உணர்கொம்பு கம்பத்தின் உச்சியிற் சுழல்கின்றது. அலையைப் பிறப்பிக்குங் கருவி பல கப்பல்களிற் கீழே அறையினுள் இருக்கின்றது. இடையேயுள்ள குழாயை ஒரே துண்டாக அமைத்தல் இயலாது. துண்டு துண்டாகக் கொணர்ந்து, ஒவ்வொன்றின் முனையிலுமுள்ள விளிம்புத்தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் திருகாணிகளால் இறுக்குகின்றனர். கருவியைக் கம்பத்தின் உச்சியிலேயே வைத்துவிடும் முறை இன்று பெருகியுள்ளது. அம்முறையில் நீண்ட குழாய் வேண்டாவாயினும், உணர்கொம்பு சுழலுமிடத்து இணைப்பும், அதற்கு முன்னும் பின்னுமுள்ள பொருத்துகளும் எஞ்சியே நிற்கும். இணைப்பு இல்லாத கப்பல் இல்லை.

இணைப்பிலே நிகழ்வது

நாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் ஐதான அமிலத்தில் நிறுத்தி, இரண்டையுங் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை எம் மாணவர் ஆய்வுகூடத்திற் கண்டுள்ளனர். அவ்வேளை நாகம் கரைகின்றது, செம்பு கரைவதில்லை. இத்தாலியராகிய வோல்ற்றா 1800 ஆம் ஆண்டில் வெளியிட்ட மின்னடுக்கின் அடிப்படையும் இதுவே. வேறுபட்ட இரண்டு உலோகங்கள், அவற்றிடையே மின்னைக் கடத்தும் நீர், இரண்டுக்கும் நேரான தொடர்பு ஆகிய மூன்றும் ஒருங்கு கூடினால் மின்கலம் தானே உண்டாகிவிடும். அதனை ஒருவர் அமைக்கவேண்டியதில்லை.

கப்பற் கம்பத்திலே இம்மூன்றும் ஒருங்கு கூடுகின்றன. குழாய் செம்பு அல்லது பித்தளை. சில இடங்களில் அலுமினியம். திருகாணி கறையில் உருக்கு. தாங்கி நிற்பது உருக்கு. நீரோ, கடலே கொடுக்கின்றது. கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அலைத்திவலை காற்றிற் பறந்து கம்பத்தில் உலர்ந்தபின்பும் உப்பு அங்கேயே தங்குகின்றது.

உலர்ந்தபின் கேடில்லை எனக் கருதுதல் தவறு. கறியுப்பாகிய சோடியங் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 ஐ எட்டியதும் காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவிலேயே நீரை ஈர்க்கும். மாரிகாலத்தில் எம் வீட்டு உப்புச் சாடி நீர் விடுவதை எல்லோரும் அறிவர். ஆகவே கடற்காற்றிலே உப்புப் படிந்த இணைப்பு பெரும்பாலும் உலர்வதேயில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் அதன்மீது எப்பொழுதும் போர்த்திருக்கும்.

கடல்நீரிலே உலோகங்களை அவற்றின் மின்னழுத்த வரிசையில் நிறுத்தினால் மகனீசியம், நாகம், அலுமினியம், உருக்கு, பித்தளை, செம்பு, கறையில் உருக்கு, வெள்ளி, பொன் எனப் பொதுவாக நிற்கும். முன்னிற்பது பின்னிற்பதற்காகக் கரைந்து அழியும். வரிசையில் இடைவெளி கூடக் கூட அழிவும் விரையும். அலுமினியத்துக்கும் செம்புக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய அரை உவோற்று. கடற்காற்றுப் படும் இடங்களில் இவ்வேறுபாடு 0.15 உவோற்றுக்கு மேற்படலாகாது என்பது பொறியியலார் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு.

இவ்விடத்திலே என் மாணவரின் சொல் நினைவுக்கு வருகின்றது. நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. மாற்றத்தோடு சேர்வது விகாரப் புணர்ச்சி. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. ஒரே உலோகமும் ஒரே உலோகமும் நீரின்றிச் சேர்வது இயல்பு. வேறுபட்ட இரண்டு நீரோடு சேருமிடத்து மூவகை விகாரமும் நிகழ்கின்றன. களிம்பு தோன்றுகின்றது, உலோகத்தின் மேற்றோல் வேறொரு பொருளாய்த் திரிகின்றது, ஈற்றிலே உலோகம் கெடுகின்றது. சொற்புணர்ச்சியிலே விகாரம் செவிக்கு இன்பம். கப்பலிலோ அது கண்ணுக்குக் கேடு.

ஒரு பழைய கப்பல் கற்பித்த பாடம்

இவ்வறிவு மனிதனுக்கு எளிதிற் கிட்டவில்லை. 18 ஆம் நூற்றாண்டிலே மரக்கப்பல்களின் அடிப்பகுதியைக் கப்பற்புழு துளைத்தது. பாசியும் சிப்பியும் பற்றி வேகத்தைக் குறைத்தன. இவற்றைத் தடுக்க எண்ணிய ஆங்கிலக் கடற்படையினர் 1761 ஆம் ஆண்டில் 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடியைச் செம்புத் தகட்டாற் போர்த்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர். 1763 ஆம் ஆண்டிலே அதனைப் பரிசோதித்தபொழுது செம்பு நன்றாயிருந்தது. ஆனால் அதனைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல அரியுண்டு போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புத்தாணிபோல் இருந்தன. நுணுகி நோக்கியபொழுது, அவ்வாணிகளுக்கும் செம்புக்கும் இடையே, தகடுகளைச் சுற்றிவந்த கபிலநிறக் கடதாசி கிழியாது எஞ்சியிருந்தது புலனாயிற்று. இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொடாத இடத்தில் அழிவு நிகழவில்லை.

கல்வானி தவளைக் காலைத் துடிக்கக் கண்ட ஆராய்ச்சியை வெளியிட்டது 1791 இலே. அதற்கு 28 ஆண்டுகட்கு முன்னரே, காரணம் விளங்காமலே, ஒரு கடதாசித் துண்டு இவ்வுண்மையைக் கூறிவிட்டது. இன்னுமொன்று. அங்கே ஆணி சிறிது. செம்பின் பரப்போ பெரிது. அழியும் உலோகம் சிறிதாயும் அழிக்கும் உலோகம் பெரிதாயும் இருப்பின் அழிவு முழுவதும் அச்சிறு பரப்பிலே குவியும். பெருந்தட்டுகளைப் பிடிக்கும் சிறு திருகாணியை, தட்டினும் தாழ்ந்த உலோகத்தாற் செய்யலாகாது என்னும் விதி இதிலிருந்தே பெறப்படுகின்றது.

1824 ஆம் ஆண்டில் ஹம்பிறி டேவி மற்றொரு வழி கண்டார். செம்பிலே சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பொருத்திவிட்டால், அத்துண்டு தான் கரைந்து செம்பைக் காத்தது. ஆனால் வேறொரு விளைவும் உண்டாயிற்று. செம்பு சிறிது கரைந்தமையாலேயே அதன் நஞ்சு பாசியையும் சிப்பியையும் விலக்கியிருந்தது. செம்பு கரையாது நின்றதும் அவை கப்பலடியில் மண்டி வளர்ந்தன. கடற்படையினர் அம்முறையைக் கைவிட்டனர். எனினும் கருத்து வீணாகவில்லை. இன்று உருக்குக் கப்பல்களின் அடியிலே நாகத்தினாலோ அலுமினியக் கலப்பினாலோ ஆகிய கட்டிகள் பொருத்தப்பட்டுத் தாம் அழிந்து கப்பலைக் காக்கின்றன.

அவ்வாறாயின் றேடார்க் குழாயின் இணைப்பிலும் ஒரு நாகக் கட்டியைப் பொருத்தினாற் போதாதோ? போதாது. கட்டிக்கும் காக்கப்படும் உலோகத்துக்கும் இடையே நீர் தொடர்ச்சியாக நிறைந்திருத்தல் வேண்டும். கப்பலடி நீரில் அமிழ்ந்தது. கம்பமோ காற்றில் நிற்பது. மெல்லிய ஈரப்படலத்தின் வழியே அப்பாதுகாப்பு நெடுந்தூரம் செல்லாது.

அலார்மின் கடதாசி வழி உதவுமோ? அதுவும் இங்கே நேராக உதவாது. கடதாசியை இடையே வைத்தால் அரிப்பு நிற்கும். ஆயின் உட்சுவரில் ஓடவேண்டிய மின்னோட்டமும் அறுந்துவிடும். அலைவழிகாட்டி இணைப்பின் இடர்ப்பாடு முழுவதும் இதுவே: மின்னுக்குத் தொடர்பு வேண்டும், நீருக்கு இடங் கொடுக்கலாகாது. தொடர்பைப் பேணிக்கொண்டே நீரை விலக்குதல் என்னும் இந்த ஒன்றையே பின்வரும் வழிகள் யாவும் பலவாறு செய்கின்றன.

காக்கும் வழிகள்

முதலாவது, அமைப்பினாற் காத்தல். இணையும் இரு தட்டுகளுள் ஒன்றை வெறுந் தட்டாகவும், மற்றையதை வட்டப் பள்ளம் வெட்டியதாகவும் செய்வர். பள்ளம் குழாயின் அகன்ற சுவரிலிருந்து ஏறக்குறையக் கால் அலைநீளத் தொலைவில் உள்ளது. ஆழமும் ஏறக்குறையக் கால் அலைநீளம். பள்ளத்தின் அடிமுதற் குழாய்ச் சுவர் வரை மொத்தம் அரை அலைநீளம் ஆகின்றது. அதன் பயனாக, அலைக்குக் குழாய்ச் சுவர் இடையறாது தொடர்வதுபோலவே தோன்றும். தட்டுகள் உண்மையில் ஒன்றையொன்று தொடும் இடமோ, மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாத இடமாக அமைகின்றது. அங்கே தொடுகை சிறிது பழுதுபட்டாலும் அலைக்கு ஊறு மிகச் சிறிதே. பழுதை நீக்க இயலாதவிடத்து, அது தீங்கு செய்யாத இடத்தில் அதனை வைத்த இந்நுட்பம் வியக்கத்தக்கது. பள்ளத்துக்கு வெளியே இன்னொரு பள்ளமுண்டு; அதனுள் றப்பர் வளையம் அமர்ந்து நீரைத் தடுக்கும்.

இரண்டாவது, உலோகத் தேர்வு. இயன்றவரை குழாயும் தட்டும் ஒரே இனமாக இருத்தல் நன்று. இயலாதவிடத்து இடையே மூன்றாவதொரு உலோகத்தைப் பூசுவர். செம்பு அலுமினியத்தோடு சேருமிடத்துச் செம்பின்மீது வெள்ளீயம் பூசுதல் பழைய வழக்கு. வெள்ளீயம் இரண்டுக்கும் இடைப்பட்டது. நேரே சேராத இரண்டை இசைவிப்பது. உயிரும் உயிரும் சேருமிடத்து இடையே வந்து இரண்டையும் உடன்படச் செய்யும் உடம்படுமெய்யை மாணவர் இங்கு நினைத்துக்கொள்ளலாம். அலுமினியத் தட்டுக்கு மின்னைக் கடத்தவல்ல மெல்லிய இரசாயனப் படலம் இடுவதுமுண்டு. முன்பு அதற்கு வழங்கிய குரோமேற்று நஞ்சுடையதாகையால் நஞ்சு குறைந்த வகைகள் இன்று இடம்பெறுகின்றன.

மூன்றாவது, பொருத்தும் முறை. தட்டின் முகம் தூயதாகவும் கீறலற்றதாகவும் இருத்தல் வேண்டும். முகத்தில் நிறப்பூச்சுப் படலாகாது. பூச்சு வெளிப்புறத்துக்கே உரியது. நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். ஒன்றை முற்ற இறுக்கியபின் மற்றையதை இறுக்கினால் தட்டு சாய்ந்து ஒரு பக்கம் வாய் திறக்கும். இணைப்பைத் திறந்த ஒவ்வொரு முறையும் புது றப்பர் வளையம் இடவேண்டும். பழையது நசுங்கிய வடிவிலேயே நிற்குமாதலின் மீண்டும் இடத்தை நிரப்பாது.

நான்காவது, வெளிப்புறப் போர்வை. இணைப்பின்மீது, தன்னோடு தானே ஒட்டி ஒன்றாகும் றப்பர் நாடாவைச் சுற்றுவர். சுற்றுங்கால் கீழிருந்து மேனோக்கிச் சுற்றுதல் வேண்டும். அப்பொழுதுதான் மேற்சுற்று கீழ்ச்சுற்றின்மீது படிந்து நீரை வெளியே வழியவிடும். எங்கள் ஊரிலே கிடுகு வேய்பவர் இறவாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கிச் செல்வதும் இக்காரணம் பற்றியே. மேலிருந்து வேய்ந்த கூரையும் மேலிருந்து சுற்றிய நாடாவும் மழையை வரவேற்பனவாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைகளில் விற்கும் சிலிக்கோன் பசைகளுட் சில உலரும்பொழுது வினாகிரி மணம் வீசும். அம்மணம் அசற்றிக்கமிலத்தின் மணம். அவ்வமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். காவலுக்கு வைத்தவனே களவு செய்வதுபோல, நீரைத் தடுக்க இட்ட பசை தானே களிம்பை உண்டாக்கும். அமிலம் விடாத வகையையே தேர்ந்துகொள்ளல் வேண்டும். நம் மாணவர் திறந்த இணைப்பிலும் நிகழ்ந்தது இதுவே. முன்னர் ஏதோவொரு துறைமுகத்திற் பழுது பார்த்தவர்கள் பழைய வளையத்தையே மீண்டும் இட்டு, அதன்மேல் வினாகிரி மணக்கும் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தனர். வெளியே பார்த்தவர்க்கு வேலை மிக நன்றாகச் செய்யப்பட்டதாகவே தோன்றியிருக்கும்.

ஐந்தாவது, உட்புறத்தைக் காத்தல். குழாய் பகலில் வெயிலாற் சூடேறுகின்றது. உள்ளிருக்கும் காற்று விரிந்து சிறிது வெளியேறுகின்றது. இரவிற் குளிர்கின்றது, காற்றுச் சுருங்கி வெளியேயுள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கின்றது. மயிரிழையளவு துவாரமிருப்பினும் குழாய் நாடோறும் இவ்வாறு மூச்சு விடும். இழுத்த ஈரம் குளிர்ந்த சுவரிலே பனித்துளியாய்ப் படிந்து, தாழ்ந்த இடத்தில் நீராய்த் தேங்கும். ஒரு மழைத்துளியும் உட்புகாமலே நீர் சேர்வது இவ்வாறுதான். இதனைத் தடுக்கப் பல போர்க்கப்பல்களிலும் பெருநிலையங்களிலும் உலர்ந்த காற்றையோ நைதரசனையோ வெளியமுக்கத்தினுஞ் சற்றுக் கூடிய அமுக்கத்திற் குழாயினுள் நிரப்பி வைக்கின்றனர். சிறு துவாரமிருந்தால் உலர்காற்று வெளியே செல்லுமேயன்றி ஈரக்காற்று உள்ளே வாராது. காற்றை உலர்த்தச் சிலிக்கா ஜெல் உதவுகின்றது. கோபாற்றுக் குளோரைட்டுச் சேர்ந்த வகை உலர்ந்தபொழுது நீலமாயும் ஈரமுற்றபொழுது இளஞ்சிவப்பாயும் நிறம் மாறிக் காவலாளனுக்குச் செய்தி கூறும். செம்மஞ்சள் பச்சையாக மாறும் வகையும் இன்று வழங்குகின்றது. இவ்வசதியில்லாத கப்பல்களில், அலையை விட்டு நீரை விடாத மெல்லிய திரையைக் குழாயின் வாயில் இட்டு மூடுவர்.

ஆறாவது, இடையறாக் கவனிப்பு. இணைப்பின் வெளிப்புறத்தை நன்னீராற் கழுவி உப்பை அகற்றுதல். நாடா வெடித்துள்ளதா என்று பார்த்தல். அமுக்கம் குறைகின்றதா என்று அளத்தல். ஐயமுள்ள இடத்தில் சவர்க்கார நுரை தடவிக் குமிழ் எழுகின்றதா என்று நோக்குதல். துவிச்சக்கரவண்டியின் குழாயில் ஓட்டை தேடிய எவரும் இம்முறையை அறிவர். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: கருவியை நிறுத்தி, வேறொருவர் அறியாது இயக்காவண்ணம் தடுத்தபின்னரே கம்பத்தில் ஏறுதல் வேண்டும். இயங்கும் குழாயின் வாயை நோக்குதல் கண்ணுக்குக் கேடு.

எத்துணை இழப்பு?

இத்துணைச் சிறிய களிம்பு அத்துணைப் பெரிய கேட்டைச் செய்யுமோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு கணக்குக் கூறுகின்றேன். கெட்ட இணைப்பொன்று அலையின் வலிமையிற் பாதியை விழுங்குகின்றது எனக் கொள்வோம். அலை வெளியே செல்லும்போது பாதி போகின்றது; எதிரொலி அவ்விணைப்பின் வழியே திரும்பும்போது எஞ்சியதிற் பாதி போகின்றது. ஆக, நாலிலொரு பங்கே திரைக்கு வருகின்றது. றேடார் ஒரு பொருளைக் காணும் தூரம் வலிமையின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. நாலிலொன்றின் நான்காம் மூலம் ஏறக்குறைய 0.71. எனவே முன்பு 4 கடல்மைல் தூரத்திற் புலப்பட்ட சிறு படகு இப்பொழுது 2.8 கடல்மைல் தூரத்துக்கு வந்த பின்னரே புலப்படும். மணிக்கு 15 கடல்மைல் செல்லும் கப்பலுக்கு இடைப்பட்ட 1.2 கடல்மைல் என்பது ஏறக்குறைய ஐந்து நிமிடம். பெருங் கப்பலொன்றை உடனே நிறுத்தவோ திருப்பவோ இயலாது. அதற்கு ஐந்து நிமிடம் பெருஞ் செல்வம். இது காற்றும் அலையும் அமைதியாயிருக்கும் இரவின் கணக்கு. கடல் கொந்தளிக்கும்போது சிறு படகின் எதிரொலி அலைகளின் எதிரொலியிலே மறைந்துவிடும்.

இதிலே கொடிய செய்தி யாதெனில், இவ்விழப்பு எளிதிற் புலப்படாது. கரையும் பெருங் கப்பல்களும் தரும் எதிரொலி மிக வலியது; அதிற் பெரும்பங்கு குறைந்தாலும் திரையிலே தெளிவாய்த் தோன்றும். காவலதிகாரி திரையைப் பார்த்து, "எல்லாம் நன்றாகத் தெரிகின்றன" என்று அமைவார். முதலில் மறைவது மரத்தாலும் நார்க்கண்ணாடியாலும் ஆகிய தாழ்ந்த சிறு படகே. கப்பலின் கண் மங்கும்போது அது முதலிற் காணாதொழிவது எளியவனை. ஆதலினாலேதான் கருவியின் திறனை அளந்து காட்டும் துணைக்கருவி றேடாரோடு வைக்கப்பட்டுள்ளது. அதனை நாடோறும் நோக்கிக் குறித்துவைப்பவன் படகுக்காரன் முகத்தை அறியான். எனினும் அவன் உயிரைக் காக்கின்றான்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. உலகிற் கப்பற் போக்குவரத்து மிக்க பெருவழிகளுள் ஒன்று எமது தீவின் தென்முனையாகிய தேவேந்திரமுனைக்கு அணித்தாகச் செல்கின்றது. அவ்வழியிலும் அதற்கு அப்பாலும் இரவிலே வலைவிரித்துக் காத்திருப்போர் எம் நாட்டவர். அவர்களுடைய வீடுகளிலே, விடியுமுன் எழுந்து கடலை நோக்கி நிற்கும் தாய்மாரும் மனைவியரும் உளர்.

செம்பிற் களிம்பு என்பது சைவ சித்தாந்தம் பயின்றோர்க்குப் பழகிய உவமை. அங்கே களிம்பு செம்போடு தொன்றுதொட்டே உடனிருப்பது. பொறியியலார் காணும் களிம்போ புறத்திருந்து ஒரு சிறு துவாரத்தின் வழியே வருவது. ஆகவே அதனை வாராமலே தடுக்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு புது வளையம், தூய ஒரு முகம், ஒழுங்காக இறுக்கிய நான்கு திருகாணிகள், கீழிருந்து மேலாகச் சுற்றிய ஒரு நாடா ஆகியனவே. இவற்றுள் விலையுயர்ந்தது யாதுமில்லை. செய்பவனுடைய கவனம் ஒன்றே விலைமதிப்பற்றது. அதுவும் யாரும் பாராத உயரத்திலே, காற்றிலும் வெயிலிலும் நின்று செய்யும் கவனம்.

விடைபெறும்போது நம் மாணவர் கூறினார்: "ஐயா, கம்பத்திலிருந்து இறங்கி வந்ததும், அந்தப் பழைய வளையத்தை எறியாமல் என் மேசையிலே வைத்துவிட்டேன். இனி எந்த இணைப்பை மூடும்போதும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்."

புணரியலிலே அவருக்கு யான் அன்று வழங்கிய புள்ளிகள் மிகக் குறைவு. இப்பொழுது அவற்றைத் திருத்தி எழுத இடமிருந்தால் மகிழ்ச்சியோடு எழுதுவேன். இன்று எம் வகுப்பறைகளில் யன்னலூடாக வெளியே நோக்கியிருக்கும் மாணவருள்ளும் நாளைக்குக் கடலிற் செல்வோர் இருக்கலாம். அவர்கள் தாம் இணைக்கும் ஒவ்வோர் இணைப்பையும், அதன் மறுமுனையிலே ஒரு சிறு விளக்கோடு காத்திருக்கும் படகை எண்ணி இணைப்பாராக. அத்தகையோரை வளர்த்துவரும் எம் கல்லூரி நீடு வாழ்க!